ஒரே தூரத்துல போட்டு பழகறதா, மாத்தி மாத்தி போடறதா? பெரியப்பாவுக்கும் எனக்கும் சண்டை

உப்பளத்தான்:

வணக்கம் மக்களே, பாண்டில பெத்தாங்க் ஆடறவங்க யாராவது இங்க இருக்கீங்களா? இல்லன்னாலும் பரவால்ல, ஷட்டிலு, பேஸ்கெட்பாலு, கிரிக்கெட்டு எது ஆடறவங்களா இருந்தாலும் பதில் சொல்லுங்க, கேள்வி எல்லா கேமுக்கும் பொதுதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இரும்புக் குண்டு, முக்கா கிலோவுக்கு முன்ன பின்ன இருக்கும். தரைல ஒரு வட்டம், ரெண்டு காலும் அதுக்குள்ள, காலத் தூக்காம நின்ன எடத்துல இருந்தே போடணும். தூரத்துல ஒரு சின்ன மரக்குண்டு கெடக்கும், அதுக்கு யார் குண்டு கிட்டப் போய் நிக்குதோ அவங்களுக்கு பாயிண்டு, 13 எடுத்தா கேம். அவ்ளோதான்.

எனக்கு சொல்லிக் குடுக்கறது எங்க பெரியப்பா. பிரெஞ்ச் ஆர்மில இருந்து ரிட்டயர் ஆன சொல்தா, அவரு கை அப்படி ஒரு கை. அவரு மெத்தட் என்னன்னா, வீட்டுக்குப் பின்னால மண்ணு தரைல எட்டு மீட்டர்ல மரக்குண்ட வெச்சிட்டு "கை அதுவாப் போற வரைக்கும் இத மாத்தாதடா"ன்னுட்டாரு. நானும் மாத்தல. இப்போ அந்த எடத்துல கண்ண மூடிக்கினு போட்டாக்கூட கிட்டதான் போய் நிக்குது, அதுல எனக்கே கொஞ்சம் தலக்கனம் வந்துடுச்சு. ஆனா காலாப்பட்டு பக்கம் ஒரு செம்மண் கிரவுண்டு இருக்குது, மேல பொடிக்கல்லு கெடக்கும், அங்க போனா எதிர் டீம் ஆளு மரக்குண்ட ஆறரைல வெக்கறான், அடுத்து ஒம்போதரைல வெக்கறான், என் குண்டு ஒண்ணு முன்னாடியே படுத்துக்குது, ஒண்ணு தாண்டி ஓடிப்போவுது.

ஸ்போர்ட்ஸ் கோர்ஸ் படிக்கற என் பிரெண்டு ஒருத்தன், ஒவ்வொரு குண்டுக்கும் தூரத்த மாத்து, ஒரே தூரம் ரெண்டு வாட்டி தொடர்ந்து வரக்கூடாதுன்றான். அப்படி போட்டுப் பாத்தன், கேவலமா இருக்குது, நேத்து கத்துக்க ஆரம்பிச்சவன் மாதிரி, பெரியப்பா திண்ணைல உக்காந்து சிரிக்கறாரு. "இதுக்குப் பேரு பிராக்டிஸா"ன்றாரு.

யாரு சொல்றது சரி? எதிராளி குண்ட தட்டித் தூக்கறதுக்கும் இதே கணக்குதானா, இல்ல அதுக்கு வேற மாதிரி பழகணுமா?

கெடிலக்கரை_பிடி:

தம்பி, நான் கடலூர்ல பி.டி. வாத்தியார். பெத்தாங்க் ஆடினது இல்ல, ஆனா நீங்க கேக்கற கேள்விய வெச்சு உலகத்துல அம்பது வருஷமா சண்ட நடக்குது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

1975ல ரிச்சர்ட் ஷ்மிட்னு அமெரிக்காவுல ஒரு ஆளு சொன்னாரு, நாம எறியறப்போ மூளை ஒவ்வொரு எறிக்கும் ஒரு தனி ரெக்கார்டிங் வெச்சிக்கறது இல்ல, இவ்ளோ விசை குடுத்தா இவ்ளோ தூரம் போச்சு, இன்னும் கொஞ்சம் குடுத்தா இவ்ளோ போச்சுன்னு பல எறிய சேத்து வெச்சு ஒரு பொது விதிய உருவாக்கிக்குது, புது தூரம் வந்தா அந்த விதில இருந்து கணக்கு போட்டுக்குதுன்னு. அப்போ ஒரே தூரத்துலயே போட்டுட்டு இருந்தா அந்த விதி உருவாக தேவையான சரக்கே உள்ள போகாது இல்லயா. உங்க எட்டு மீட்டர் கத அதுதான்.

இத சோதிச்சுப் பாத்ததுல எனக்கு ரொம்பப் புடிச்சது 1978ல கெர், பூத்னு ரெண்டு பேரு கனடாவுல செஞ்சது. எட்டு வயசுப் பசங்க, கைல சின்ன அவரைக்கொட்டைப் பை, தரைல இருக்கற குறில போடணும். ஒரு கும்பலு 3 அடி தூரத்துலயே பழகிச்சு. இன்னொரு கும்பலு 2 அடிலயும் 4 அடிலயும் பழகிச்சு, 3 அடிய தொடவே இல்ல. 12 வாரம் கழிச்சு டெஸ்டு 3 அடில. யாரு ஜெயிச்சிருப்பாங்கன்னு நெனைக்கறீங்க? 3 அடில பழகாத பசங்க. முதல்ல படிச்சப்போ நான் நம்பல, அச்சுப்பிழையா இருக்கும்னு திருப்பிப் பாத்தேன்.

அப்பறம் மாத்தி மாத்தி போடறதுலயே ஒரு விஷயம் இருக்கு, வரிசை. மூணு தூரத்துல பழகறோம்னு வெச்சுக்குங்க, முதல்ல எல்லாத்தயும் ஆறுல போட்டு முடிச்சுட்டு, அப்பறம் எட்டு, அப்பறம் பத்துன்னு போனா அதுவும் வெரைட்டிதான். ஆனா ஆறு, பத்து, எட்டு, பத்து, ஆறுன்னு கலந்து போடறது வேற. 1979ல ஷே, மார்கன் ரெண்டு பேரும் இதத்தான் பாத்தாங்க. கையால சின்ன தடுப்புங்கள ஒரு வரிசைல தட்டி விடற வேல, மொத்தம் மூணு வரிசை. கட்டு கட்டா, அதாவது ஒண்ண முடிச்சுட்டு அடுத்ததுன்னு பழகினவங்க பழகற நேரத்துல சீக்கிரம் முன்னேறினாங்க. கலந்து பழகினவங்க தடுமாறினாங்க. ஆனா 10 நாள் கழிச்சு திரும்ப கூப்ட்டு டெஸ்டு வெச்சா அப்படியே தலகீழா ஆயிடுச்சு. 1986ல கூட், மேகில்னு ரெண்டு பேரு ஷட்டில்ல மூணு வித சர்வீஸ வெச்சு பாத்தாங்க, ஷார்ட்டு, லாங்கு, டிரைவு, அதுலயும் கலந்து பழகினவங்களுக்குத்தான் அப்பறமா வெச்ச டெஸ்ட்டுல நல்லா வந்தது, வலப்பக்கம் நின்னு பழகிட்டு இடப்பக்கத்துல நிக்க வெச்சப்பவும் அவங்கதான் சமாளிச்சாங்க.

ஏன்னு கேட்டா ரெண்டு விளக்கம் இருக்கு. ஒண்ணு, ஆறு போட்ட கையோட பத்து போட்டா ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு மூளை பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்குது. இன்னொண்ணு லீ, மேகில் 80கள்ல சொன்னது, எனக்கு இதுதான் மனசுக்கு சரின்னு படுது. ஒரே கணக்க பத்து தடவ தொடர்ந்து குடுத்தா பையன் ரெண்டாவது தடவைல இருந்து கணக்கு போட மாட்டான், விடைய மட்டும் எழுதுவான். நடுவுல வேற கணக்கு குடுத்துட்டு திரும்ப இது வந்தா மறந்திருப்பான், முதல்ல இருந்து போட்டே ஆகணும். நீங்க எட்டு மீட்டர்ல அடுத்தடுத்து போடறப்போ கை போன எறிய லேசா திருத்திக்குது, அவ்வளவுதான், புதுசா ஒண்ணும் கணக்குப் போடல. மேட்ச்ல முந்தின எறின்னு ஒண்ணு கைல இருக்காது, எதிராளி போட்டு முடிக்கற வரைக்கும் நின்னுட்டு அப்பறம் போடறீங்க, ஒவ்வொண்ணும் முதல் எறிதான்.

அதனால பெரியப்பா சிரிக்கட்டும். கேவலமா இருக்கறதுதான் வேல நடக்குதுன்னு அர்த்தம்.

பழைய_குண்டு:

பி.டி. சார் சொன்னத மறுக்கல, ஆனா பெரியப்பாவ இவ்ளோ சுலபமா ஓரங்கட்டாதீங்க. நான் முதலியார்பேட்ட, எங்க வீட்லயும் சொல்தா பென்ஷன் வாங்கினவங்க இருந்தாங்க, சின்ன வயசுல இருந்து இந்தக் குண்டோடதான் வளந்தன்.

தம்பி ஒண்ணு யோசிச்சுப் பாரு. இந்த ஆட்டத்துல ரூல்லயே மரக்குண்டு 6ல இருந்து 10 மீட்டருக்குள்ள எங்க வேணும்னாலும் கெடக்கலாம். போன ரவுண்ட ஜெயிச்சவன்தான் அடுத்த ரவுண்டுக்கு அத போடறான். மரக்குண்டு கடைசியா எங்க கெடந்துதோ அங்க புது வட்டம். அப்போ தூரமும் மாறுது, பாக்கற தெசையும் மாறுது, மேடு பள்ளமும் மாறுது. நீ எட்டுல கெட்டின்னு எதிராளிக்கு தெரிஞ்சு போச்சுன்னா அவன் எட்டுல வெப்பானா? வெக்கவே மாட்டான், நானா இருந்தா உனக்கு ஆறேகால்ல வெப்பன். ஆட்டமே மாத்தி மாத்தி வெக்கற ஆட்டம், அத ஒரே எடத்துல பழகினா எப்படின்னு கேட்டா நியாயமான கேள்விதான்.

ஆனா பெரியப்பா எட்டுல நிக்க வெச்சது தூரத்துக்காக இல்ல, கைக்காக. உள்ளங்கை கீழ பாக்கணும், விரலு சேந்து இருக்கணும், விடறப்போ மணிக்கட்டு குண்ட பின்பக்கமா சுத்தி விடணும், கை நேரா முன்னாடி போய் நிக்கணும். இது உக்காரதுக்கு முன்னாடி தூரத்த மாத்தினா புதுசா வர்ற பையன் என்ன பண்ணுவான்னா, பத்து மீட்டருக்கு தோள்பட்டைய வீசுவான், ஆறுக்கு மணிக்கட்ட சுருக்குவான், ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு ஸ்டைலு, அப்பறம் அத சரி பண்றதுக்குள்ள பொழுது போயிடும். நான் பாத்திருக்கறன்.

இன்னொண்ணு, நீங்க எல்லாம் தூரத்தயே பேசறீங்க. அந்த செம்மண்ணுல நீ தோத்தது தூரத்தால மட்டும் இல்ல தம்பி, தரையால. குண்டு எங்க போய் நிக்கணும்னு பாத்து போடறவன் ஆட்டக்காரன் இல்ல, எங்க விழணும்னு பாத்து போடறவன்தான் ஆட்டக்காரன். மணலு தரைல குண்டு விழுந்த எடத்துலயே பொத்துனு உக்காந்துடும், அங்க மரக்குண்டுக்கு ரொம்ப கிட்ட எறக்கணும். கெட்டித் தரைல கீழ்வாக்குல உருட்டி விட்டா வழில ஒரு பொடிக்கல்லு தட்டினா போதும், எங்கயோ போவும், அதனால உசரமா தூக்கிப் போட்டு பின்சுத்து குடுத்து எறக்கணும். பின்னால இருக்கற மண்ணுல உனக்கு பாதி தூரத்துல எறங்கி மீதி உருண்டு போயிருக்கும், செம்மண்ணுலயும் அதே எடத்துல எறக்கியிருப்ப. எட்டு மீட்டரே இங்க ஒரு எறி, அங்க வேற எறி.

உப்பளத்தான்:

ரெண்டு பேருக்கும் நன்றி. பழைய_குண்டு அண்ணா, நீங்க சொன்ன அந்த "எங்க விழணும்" விஷயத்த பெரியப்பாவும் சொல்வாரு, ஆனா ஒரே எடத்துல போடறதால எனக்கு அது ஒரு எடமா மட்டும்தான் பதிஞ்சிருக்குது, காம்பவுண்டு பக்கத்துல ஒரு உடஞ்ச செங்கல்லு பொதஞ்சிருக்கு, அதுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது. வேற கிரவுண்டுல செங்கல்லுக்கு எங்க போறது.

பி.டி. சார், உங்க பதில பெரியப்பாவுக்கு படிச்சுக் காட்டினன். "பசங்கள வெச்சு பை எறிஞ்சத எல்லாம் ஆட்டத்துக்கு கொண்டு வராத"ன்னுட்டாரு. அப்பறம் அவரு ஒண்ணு கேட்டாரு, எனக்கு பதில் தெரியல. ஒரே தூரத்துல பழகினா முன்னேற்றம் கண்ணுக்கு தெரியுது, அப்படி தெரியறது எப்படி பொய்யாகும்னு.

கெடிலக்கரை_பிடி:

பெரியப்பா சரியான எடத்துல புடிச்சிருக்காரு. பொய்யில்ல தம்பி, அன்னைக்கு நல்லா போடறீங்கன்றது உண்மதான். அது நாளைக்கும் இருக்குமான்றது வேற கேள்வி, ரெண்டயும் நாம ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கறோம்.

2001ல சைமன், பியோர்க்னு ரெண்டு பேரு செஞ்சது இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். கீபோர்டுல சில பட்டன சொன்ன நேரக் கணக்குல அழுத்தற வேல. பாதிப் பேருக்கு கட்டு கட்டா, பாதிப் பேருக்கு கலந்து. பழகறப்பவே நடு நடுவுல கேட்டாங்க, நாளைக்கு டெஸ்ட்டுல நீங்க எப்படி பண்ணுவீங்கன்னு. கட்டு கட்டா பழகினவங்க ரொம்ப நம்பிக்கையா சொன்னாங்க, கலந்து பழகினவங்க தயங்கினாங்க. மறுநாள் டெஸ்டு வெச்சா தயங்கினவங்கதான் நல்லா பண்ணாங்க. அதாவது கத்துக்கறவனுக்கே, எது தனக்கு வேல செய்யுதுன்னு தெரியறது இல்ல. பக்கத்துல நின்னு பாக்கற வாத்தியாருக்கும் தெரியறது இல்ல, நான் இத என் தொழில வெச்சே சொல்றேன், எச்.எம். ரவுண்டு வர்றப்போ பசங்க வரிசையா நின்னு ஒரே மாதிரி பந்து போட்டா "ஆகா நல்லா கோச்சிங் நடக்குது"ன்னுட்டு போவாங்க, கலந்து குடுத்தா "என்ன சார் பசங்க இப்படி தடுமாறுறாங்க"ன்னு கேப்பாங்க. பாக்கறதுக்கு அழகா இருக்கற பிராக்டிஸுக்குத்தான் எல்லா எடத்துலயும் மரியாத.

அதனால ஒரு வழி சொல்றேன், பெரியப்பாவும் ஒத்துக்குவாரு. பிராக்டிஸ் முடியறப்போ எப்படி இருக்குன்னு பாக்காதீங்க. மறுநாள் காலைல கை சூடாகறதுக்கு முன்னாடி, மரக்குண்ட அவரையே எங்கயாவது போடச் சொல்லி, முதல் மூணு குண்டு எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க. மேட்ச்சோட முதல் ரவுண்டுல உங்களுக்கு அதுதான் கெடைக்கும், வார்ம் அப் எறி எல்லாம் கணக்குல வராது. கொஞ்ச நாள் ஒரே தூரம், கொஞ்ச நாள் கலவைன்னு போட்டு ரெண்டுக்கும் இந்த முதல் மூணு குண்ட நோட்டுல எழுதி வெச்சா சண்டையே இல்ல.

நெல்லித்தோப்பு_பதினஞ்சு:

ஒரு நிமிஷம், எல்லாரும் ஒரே பக்கமா சாயறீங்க. நான் காலேஜ் டீம்ல பேஸ்கெட்பால் ஆடினவ. பி.டி. சார், உங்க ஷ்மிட்டே பின்னாடி ஒரு பேப்பர்ல சேந்து எழுதியிருக்காரு, 2005ல கீட்ச் தலைமைல, அத நீங்க சொல்லவே இல்லயே.

அனுபவம் உள்ள ஆட்டக்காரங்கள 9 அடில இருந்து 21 அடி வரைக்கும் வேற வேற தூரத்துல நின்னு போட வெச்சாங்க, குதிக்காம நின்னு போடற ஷாட்டு. தூரம் கூடக் கூட கூடைல விழறது கொறையணும், கொறஞ்சுது, ஒரு நேர்க்கோடு மாதிரி. ஆனா 15 அடில மட்டும் அந்தக் கோட்டுக்கு மேல போய் நின்னுது. 15 அடின்றது ஃப்ரீ த்ரோ லைன். வாழ்க்க பூரா அந்த ஒரே எடத்துல நின்னு ஆயிரக்கணக்குல போட்டதால அந்த ஒரு தூரத்துக்கு மட்டும் தனியா ஒரு தெறமை வந்திருக்கு, பக்கத்துல ரெண்டு அடி தள்ளினா அது இல்ல. பொது விதி மட்டும்தான்னா அந்த மேடு வந்திருக்கவே கூடாது. அப்போ ஒரே எடத்துல பழகறதும் எதயோ சேத்து வெக்குது.

எங்க கோச் அக்கா பிராக்டிஸ் முடிஞ்சு கால் நடுங்கறப்போதான் ஃப்ரீ த்ரோ போட விடுவாங்க, எடம் மாறாது. அது சரிதான், ஏன்னா மேட்ச்லயும் அந்தக் கோடு மாறாது. ஆனா தம்பி ஆட்டத்துல ஃப்ரீ த்ரோ லைன் மாதிரி ஒரு எடம் கெடயாதுன்னு பழைய_குண்டு சாரே சொல்லிட்டாரு. அப்போ கேள்விக்கு பதில் கேமப் பொறுத்தது. மேட்ச்ல மாறாததுக்கு மாறாம பழகு, மாறறதுக்கு மாத்திப் பழகு. கலந்து பழகறதுதான் எல்லாத்துக்கும் மருந்துன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல.

அப்பறம் அந்த ரிசல்ட்டு எல்லாம் லேப்ல பட்டன் அழுத்தறதுல நல்லா பெருசா வருது, நிஜ கிரவுண்டுல ஆட்டக்காரங்கள வெச்சு பாத்தா வித்தியாசம் கணிசமா கொறஞ்சுடுதுன்னு 2004ல பிரேடின்னு ஒருத்தரு எல்லா ஆய்வயும் தொகுத்துப் பாத்து சொல்லியிருக்காரு. அதயும் சேத்து சொன்னாத்தான் நேர்மை.

கெடிலக்கரை_பிடி:

ஒத்துக்கறேன்மா, நல்ல பாயிண்டு. அதே கீட்ச் ஆய்வுல குதிச்சுப் போடற ஷாட்டுக்கு அந்த 15 அடி மேடு வரல, ஏன்னா ஜம்ப் ஷாட்ட எங்கெங்கயோ நின்னு போட்டிருப்பாங்க, நீங்க சொல்றத அது இன்னும் பலமா காட்டுது.

லேபுக்கு வெளிய எல்லாமே சப்புனு போயிடலன்னும் சொல்லணும். 1994ல ஹால்னு ஒருத்தரோட குழு காலேஜ் பேஸ்பால் ஆட்டக்காரங்களுக்கு ஆறு வாரம், வாரத்துக்கு ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா பேட்டிங் குடுத்தாங்க. ஒரு தடவைக்கு 45 பந்து, வேகப் பந்து, வளையற பந்து, மெதுப் பந்து ஒவ்வொண்ணும் 15. ஒரு கும்பலுக்கு கட்டு கட்டா, ஒரு கும்பலுக்கு கலந்து. கடைசில எப்ப எது வரும்னு தெரியாம வெச்ச டெஸ்ட்டுல கலந்து பழகினவங்க முன்னேற்றம் சுமார் 57 சதவீதம், கட்டு கட்டா பழகினவங்க சுமார் 25. இவங்க ஏற்கனவே ஆடத் தெரிஞ்சவங்கன்றத மறக்காதீங்க. புதுசா வர்றவனுக்கு சிக்கலான வேலைய முதல் நாளே கலந்து குடுத்தா மெரண்டுடுவான், அத நானும் பாத்திருக்கேன், 2004ல குவாடக்னோலி, லீ சொன்னதும் அதுதான், ஆளோட லெவலுக்கு ஏத்த கஷ்டம் வேணும், கம்மியானா கத்துக்க ஒண்ணும் இல்ல, அதிகமானா ஒண்ணும் பதியாது. அந்த விதத்துல பெரியப்பா ஆரம்பத்துல எட்டுல நிக்க வெச்சதுல தப்பே இல்ல. இப்பவும் அங்கயே நிக்க வெக்கறதுதான் பிரச்சன.

மஞ்சக்குப்பம்_பிசியோ:

விளையாட்டுக்கு சம்பந்தம் இல்லாதவ நடுவுல வர்றேன், மன்னிச்சுக்குங்க. நான் பக்கவாதம் வந்தவங்களுக்கு கை பழக்கம் குடுக்கறவ. இங்க வர்றவங்கள பிளாஸ்டிக் கூம்பு எடுத்து இன்னொண்ணு மேல அடுக்க சொல்லுவோம், நல்லா அடுக்குவாங்க, வீட்டுக்காரங்க சந்தோசமா போவாங்க. வீட்ல போயி சில்வர் டம்ளர எடுக்க முடியாது. வழவழன்னு இருக்கும், சூடா இருக்கும், பாதி காப்பி இருக்கும், கூம்புல இதுல எதுவுமே இல்ல. அதனால நான் வீட்ல இருந்தே டம்ளரு, சொம்பு, காலி தைல பாட்டிலு, பூட்டு சாவி எல்லாம் எடுத்துட்டு வர சொல்லிடுவேன், மேசை ஒரு நாள் ஒசரம், ஒரு நாள் தாழ்வு, தண்ணி ஒரு நாள் பாதி ஒரு நாள் முக்கா. ஆரம்பத்துல கீழ சிந்தும், கூட வந்தவங்க "கூம்பு நல்லா எடுத்தாரே, அதயே குடுங்களேன்"னு கெஞ்சுவாங்க, உங்க பெரியப்பா சிரிக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல தம்பி.

எனக்கு ஷ்மிட்ட விட பெர்ன்ஸ்டைன்னு அந்தக் கால சோவியத் ஆளு சொன்னதுதான் புடிக்கும். 1920கள்ல மாஸ்கோவுல தேர்ந்த தொழிலாளி சுத்தியல் அடிக்கறத படம் புடிச்சு கணக்கு பாத்தாரு. சுத்தியல் முனை ஏறக்குறைய ஒரே பாதைல போகுது, ஆனா தோளு, முழங்கை, மணிக்கட்டு ஒவ்வொரு அடிக்கும் வேற வேற மாதிரி அசையுது. தேர்ந்தவன் உடம்பு ஒரே அசைவ திரும்ப செய்யல, ஒரே வேலைய ஒவ்வொரு தடவையும் புதுசா முடிக்குது. "கை அதுவாப் போகணும்"ன்னு பெரியப்பா சொல்றது நடக்கறதே இல்லன்னு நான் நெனைக்கறேன், அவரு கையே அப்படிப் போகாது, வீடியோ எடுத்துப் பாருங்க.

பழைய_குண்டு:

மேடம் சொன்னது புடிச்சிருக்குது. வயசான ஆட்டக்காரங்கள பாத்தா முட்டி வலிக்குதுன்னு ஒரு நாள் நின்னு போடுவாங்க, ஒரு நாள் குந்திப் போடுவாங்க, குண்டு போய் நிக்கற எடம் மாறாது.

தம்பி, நீ தட்டித் தூக்கறத பத்தி கேட்ட, யாரும் பதில் சொல்லல. தட்டறதுல போட்டியாவே ஒரு தனி ஐட்டம் இருக்குது. அஞ்சு விதமா குண்ட அடுக்கி வெப்பாங்க, தனியா ஒரு குண்டு, மரக்குண்டுக்குப் பின்னால ஒரு குண்டு, ரெண்டு குண்டுக்கு நடுவுல ஒண்ணு, தாண்டி அடிக்கற மாதிரி ஒண்ணு, கடைசில மரக்குண்டயே அடிக்கணும். ஒவ்வொண்ணயும் 6, 7, 8, 9 மீட்டர்ல இருந்து ஒரு தடவ. மொத்தம் 20 தடவ அடிக்கணும், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 பாயிண்டு, ஆக 100. ஒரே அடி ரெண்டு தடவ வராது பாரு. அதனால தட்டறதுக்கும் எட்டுலயே நின்னு பழகறது வேலைக்கு ஆவாது. ஆனா தட்டறதுல தூரம் மாறினா கை ரொம்ப சீக்கிரம் கொழம்பும், அதனால நான் பசங்களுக்கு முதல்ல 7, 8 ரெண்டு மட்டும் கலந்து குடுப்பன், அப்பறம் 6, 9 சேப்பன்.

உருட்டறதுக்கு உன் வீட்லயே வழி இருக்குது. துணி தொவைக்கற கல்லு இருக்கும் இல்ல, அதச் சுத்தி ஈர மண்ணு, அங்க ஒரு ரவுண்டு. மரத்து அடில வேரு மேல வந்திருக்கும், அங்க ஒரு ரவுண்டு. வாசல்ல கெட்டித் தரை இருந்தா அங்க ஒரு ரவுண்டு, டைல்ஸு மேல மட்டும் போட்டு வீட்ல திட்டு வாங்காத. மரக்குண்ட நீ வெக்காத, வேற யாரயாவது எறிய வுடு, நீயே வெச்சா கை தானா எட்டுலதான் கொண்டு போயி வெக்கும். போடறதுக்கு முன்னாடி வட்டத்த வுட்டு வெளிய வந்து நடந்து போயி எறங்கற எடத்த கால்ல அழுத்திப் பாரு, பொதபொதன்னு இருக்கா கெட்டியா இருக்கான்னு, அப்பறம் வந்து போடு. உன் செங்கல்லு போச்சுன்ற கவல தன்னால போயிடும். சில்வர் பீச் மணல்லயும் ஒரு நாள் போட்டுப் பாரு, எறங்கின எடத்துல பொதஞ்சு நிக்கும், உருளவே உருளாது, உசரமா போடறதுக்கு நல்ல பழக்கம், ஆனா துணியால தொடச்சு வை, உப்புல துருப்புடிச்சா போச்சு.

நெல்லித்தோப்பு_பதினஞ்சு:

இது நல்ல திட்டம். ஒண்ணு மட்டும் சேத்துக்குங்க, கலக்கறப்போ பாதிக்கு மேல தொடர்ந்து கெட்டுப் போச்சுன்னா வீம்புக்கு அப்படியே ஓட்டாதீங்க, ரேஞ்ச 7 டு 9ன்னு சுருக்கிக்குங்க, கொஞ்சம் கை வந்ததும் விரிச்சுக்குங்க. நான் சொல்ற இந்த "பாதி" எந்த ஆய்வுலயும் இல்ல, எங்க டீம் கணக்கு.

உப்பளத்தான்:

செம, எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாகிட்ட அந்த 20 தடவ அடிக்கற போட்டி கதைய சொன்னன், "அது எனக்குத் தெரியாதா"ன்னுட்டு உள்ள போயி அவரோட குண்ட எடுத்துக்கினு வந்துட்டாரு, இப்போ மரக்குண்ட எறியற வேல அவருது. ஆறு மீட்டர்ல வெச்சே என்ன சாவடிக்கறாரு.

கடைசியா ஒண்ணு, எங்க அக்கா பொண்ணு மூணாவது படிக்கறா, அவளும் போடணும்னு நிக்கறா. அவளுக்கும் இப்படி கலந்து குடுக்கலாமா, இல்ல முதல்ல ஒரே தூரமா?

கெடிலக்கரை_பிடி:

அந்த வயசுக்கு முதல்ல இரும்பு வேணாம், போட்டிக் குண்டு 650 கிராமுக்கு கீழ கெடயாது, அது அந்தக் கைக்கு பாரம், கால்லயும் போட்டுக்கும். அரை மணல் நெரப்பின துணிப் பை தெச்சுக் குடுங்க, இல்லன்னா லேசான பிளாஸ்டிக் குண்டு. குழந்தைங்கள நான் பாத்த வரைக்கும் அவங்கள ஒரே எடத்துல நிக்க வெக்கறதுதான் கஷ்டம், தானாவே கிட்ட போய் போடுவாங்க, தூரப் போய் போடுவாங்க, சுவத்துல அடிப்பாங்க. விட்டுடுங்க. புடிக்கற விதம் மட்டும் அப்பப்போ சொல்லுங்க.

பழைய_குண்டு:

சின்னப் பசங்க போட்டிக்கு தூரத்த கொறச்சுக்கலாம்னு ரூல்லயே இருக்குது தம்பி, ஆறு மீட்டர்னு புடிவாதம் புடிக்க வேணாம். மூணு, நாலு, அஞ்சுன்னு கலந்து வெய்யி. பெரியப்பா தட்டறப்போ மட்டும் பாப்பாவ பின்னால நிக்க வெய்யி, குண்டு தெறிச்சா எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.